இருபது சுண்டெலிகளும் ஒரு மணி நேரமும்

ஹாம் என்ற சிம்பன்சியை அமெரிக்க விமானப்படை 1959-ல் 457 டாலருக்கு வாங்கியது. 1961 ஜனவரி 31 அன்று அது ரெட்ஸ்டோன் ராக்கெட்டில் 253 கிலோமீட்டர் உயரம் போய்வந்தது. பயணம் பதினாறரை நிமிடம். அதில் எடையின்மை 6.6 நிமிடம். இறங்கும்போது அதன் உடலை அழுத்திய விசை புவியீர்ப்பைப்போல 14.7 மடங்கு. விளக்கு எரிந்தால் நெம்புகோலைத் தள்ள அதற்குப் பழக்கியிருந்தார்கள். தரையில் தள்ளிய வேகத்துக்கும் மேலே தள்ளிய வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எடையில்லாத நிலையிலும் மூளையும் கையும் ஒத்துழைக்கும் என்று அதிலிருந்து உறுதியானது. மூன்று மாதம் கழித்து, மே 5 அன்று, அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டு அதே வகை ராக்கெட்டில் ஏறினார்.

விண்வெளிச் செலவைப் பேசும்போது ராக்கெட், எரிபொருள், ஏவுதளம் என்று கோடிகள் புரளும். விலங்குக்கு அந்தப் பட்டியலில் கடைசி வரி, தொகையும் அற்பம். அற்ப விலை என்பதாலேயே அதை அலட்சியமாகச் செலவழித்தார்கள், இன்றும் சில இடங்களில் செலவழிக்கிறார்கள் என்பதுதான் இந்த எண்களைக் கூட்டிப் பார்த்து நான் வந்த முடிவு.

முதல் பக்கம்

கணக்கு ஈயில் தொடங்குகிறது. 1947 பிப்ரவரி 20 அன்று நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து, ஜெர்மனியிடம் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டில் பழ ஈக்கள் 109 கிலோமீட்டர் உயரம் போயின. உயிரோடு திரும்பின.

அடுத்து குரங்குகள். 1948 ஜூன் 11 அன்று ஏறிய ஆல்பர்ட் 63 கிலோமீட்டரைத் தொட்ட பயணத்தில் மூச்சுத் திணறி இறந்தது. 1949 ஜூன் 14 அன்று இரண்டாம் ஆல்பர்ட் 134 கிலோமீட்டர் போனது, பாராசூட் கைவிட்டது. மூன்றாவது ஏறிய ராக்கெட் நடுவானில் வெடித்தது. நான்காவதுக்கு மறுபடியும் பாராசூட் கோளாறு. 1951 செப்டம்பர் 20 அன்று ஒரு குரங்கும் 11 சுண்டெலிகளும் 72 கிலோமீட்டர் போய் உயிரோடு தரையிறங்கின. குரங்கு இரண்டு மணி நேரத்தில் இறந்துவிட்டது.

முதல் நான்கு குரங்குகளில் ஒன்றைக்கூட எடையின்மை கொல்லவில்லை. எடையின்மை இதயத்தை என்ன செய்யும் என்ற கேள்வியோடு அவற்றை ஏற்றினார்கள். திரும்பக் கிடைத்ததோ பாராசூட்டையும் ராக்கெட்டையும் காற்றறையையும் பற்றிய விடை. அந்த விடையைப் பெற மணல் மூட்டையே போதுமானது.

சோவியத் பக்கத்திலும் இதே வரிகள்தான். 1951 ஜூலை 22 அன்று டெசிக், சிகான் என்ற நாய்கள் சுமார் 100 கிலோமீட்டர் போய்ப் பத்திரமாக இறங்கின. ஒரே வாரத்தில், ஜூலை 29 அன்று, டெசிக்கை லீசாவோடு மறுபடி அனுப்பினார்கள், இரண்டும் இறந்தன. 1960 ஜூலை 28 அன்று பார்ஸ், லிசிச்கா என்ற இரண்டும் ஏவிய சில நொடிகளில் ராக்கெட் சிதறி மாண்டன. அதே ஆண்டு டிசம்பரில் ப்செல்காவும் முஷ்காவும் திரும்பும் வழியில் அழிந்தன.

லைக்கா என்ற நாயின் கணக்கை மட்டும் சற்று நின்று படிக்க வேண்டும். 1957 நவம்பர் 3 அன்று ஏவிய ஸ்புட்னிக்-2 கலத்தின் எடை 508 கிலோ. ஏவுவதற்கு முன் லைக்காவின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 103. ராக்கெட் விரைந்து ஏறும்போது 240. எடையின்மை வந்தபிறகு துடிப்பு பழைய அளவுக்கு இறங்க மூன்று மணி நேரம் ஆனது. தரையில் சுழலியில் வைத்துப் பார்த்தபோது ஆனதைவிட இது மூன்று மடங்கு. உயிருள்ள உடல் எடையின்மைக்குப் பழக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று உலகுக்குக் கிடைத்த முதல் அளவு அது. அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் ஐந்து முதல் ஏழு மணி நேரத்துக்குள் லைக்கா இறந்தது. அது பல நாள் உயிரோடு இருந்ததாகவே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையை ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷென்கோவ் 2002-ல் ஹூஸ்டன் மாநாட்டில் வெளியிட்டார். செத்த கணக்கை எழுத 45 ஆண்டு ஆகியிருக்கிறது. கலம் 162 நாள் சுற்றி 1958 ஏப்ரல் 14 அன்று எரிந்து விழுந்தது.

பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் 1960 ஆகஸ்டில் ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பின. நான்காவது சுற்றில் பெல்கா வாந்தி எடுத்தது. அதைக் கவனித்த மருத்துவர்கள் முதல் மனிதப் பயணம் ஒரே சுற்றோடு நிற்கட்டும் என்றார்கள்; ககாரின் ஒரே சுற்றில், 108 நிமிடத்தில் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நாயின் வாந்தியிலிருந்து ஒரு மனிதப் பயணத்தின் அளவு முடிவானது. உருப்படியான வரவு என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சுண்டெலிக்கு எவ்வளவு?

இன்று குரங்கும் நாயும் போவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பெரும்பாலும் போவது சுண்டெலி. அதன் செலவைக் கணக்கிட நல்லதொரு அளவுகோல் இருக்கிறது. 2021-ல் நாசா தனியார் நிறுவனங்களுக்கான நிலையக் கட்டணத்தைத் திருத்தியது. மேலே ஏற்ற கிலோவுக்கு 20,000 டாலர். கீழே கொண்டுவர கிலோவுக்கு 40,000. விண்வெளி வீரரின் ஒரு மணி நேர வேலைக்கு 1,30,000. அதற்கு முன் 2019-ல் அறிவித்த கட்டணம் 3,000, 6,000, 17,500 என்று இருந்தது. அதில் மானியம் கலந்திருந்ததாகவும், புதியதுதான் முழுச் செலவு என்றும் நாசா விளக்கியது. நாசாவின் சொந்த ஆய்வாளர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. ஆனாலும் எது எவ்வளவு அரிது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

வளர்ந்த ஒரு சுண்டெலி 25 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராம் தீனி, 5 கிராம் தண்ணீர் என்று வைத்து 30 நாளுக்குப் போட்ட கணக்கு இது:

ஏற்றும் உடல் எடை, 25 கிராம்: 500 டாலர்
தீனி, 120 கிராம்: 2,400 டாலர்
தண்ணீர், 150 கிராம்: 3,000 டாலர்
திரும்பக் கொண்டுவர, 25 கிராம்: 1,000 டாலர்
ஆக, 6,900 டாலர்

டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 5,86,500 ரூபாய். கூண்டின் எடை இதில் சேரவில்லை. இருபது சுண்டெலிக்கு 1,38,000 டாலர் ஆகிறது. விண்வெளி வீரர் ஒருவரின் ஒரு மணி நேரம் 1,30,000 டாலர். அதாவது இருபது உயிர்களின் ஒரு மாதச் சாப்பாடும் போக்குவரத்தும் சேர்ந்து, ஒரு மனிதரின் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

இந்த ஒரு சமன்பாடு பலவற்றை விளக்கிவிடும். மேலே மிச்சம் பிடிக்க வேண்டியது ஆள் நேரம், எலி மலிவு. எனவே ஆள் நேரத்தை மிச்சப்படுத்தும் விதமாகத்தான் ஆய்வை வடிவமைப்பார்கள். அதற்கான விலையை எலியின் உடம்பில் கிடைக்கும் தகவல் கொடுக்க நேர்கிறது.

உறைவிப்பானில் தொலைந்த தகவல்

2014 செப்டம்பரில் நாசாவின் புதிய கூண்டில் 20 சுண்டெலிகள் நிலையத்துக்குப் போயின. ஒரு கூண்டில் பத்து எலிக்கு இடம் உண்டு. சுவர் எல்லாம் கம்பி வலை. உள்ளே ஓயாமல் காற்று ஓட்டம். மிதக்கும் கழிவை அதுதான் ஒரு பக்கமாகத் தள்ளி வடிகட்டியில் சேர்க்கிறது. முதலில் எலிகள் நான்கு காலாலும் வாலாலும் வலையைப் பற்றிக்கொண்டு கிடந்தன. பிறகு ஒரு காலால் மட்டும் பிடித்துக்கொண்டு தின்னவும் மயிரைக் கோதவும் பழகின. ஒரு வாரம் கடந்ததும் இளம் எலிகள் கூண்டின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கின. ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அது விளையாட்டா, மன அழுத்தமா, இழந்த எடையை ஓடிப் பெறும் முயற்சியா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பயணம் முடிந்ததும் சில எலிகளை மேலேயே அறுத்து உறுப்புகளைப் பதப்படுத்தினார்கள். மற்றவற்றை முழு உடலாக உறையவைத்து, பூமிக்கு வந்தபின் அறுத்தார்கள். முழு உடலை உறையவைக்க ஆள் நேரம் குறைவு. நியாயமான சிக்கனமாகத்தான் பட்டது. ஆனால் ஈரலில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்தபோது, உடனே அறுத்ததற்கும் உறையவைத்து அறுத்ததற்கும் இடையிலான வேறுபாடு, விண்வெளி எலிக்கும் தரை எலிக்கும் இடையிலான வேறுபாட்டையே மூடி மறைத்துவிட்டது. 2020-ல் வெளியான இந்த ஆய்வு, பழைய தரவுகளைப் படிப்பவர்களும் இனி ஆய்வை வடிவமைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தது.

மாறாக, எண்ணிக்கை சிறியதாக இருந்தும் கணக்கு நேராக வந்த ஒரு பயணம் உண்டு. 1993 அக்டோபரில் கொலம்பியா ஓடத்தில் 48 எலிகள் 14 நாள் பறந்தன. அவற்றில் ஆறை, கால்நடை மருத்துவர் மார்ட்டின் ஃபெட்மன் இருந்த குழுவினர் விண்வெளியிலேயே அறுத்துத் திசு எடுத்தார்கள். அதற்கு முந்தைய பயணங்களில் எல்லா எலிகளையும் இறங்கிய பிறகே அறுத்தார்கள். அவற்றின் பின்னங்காலில் தசை இழைகள் கிழிந்திருந்தன. எடையின்மைதான் தசையைக் கிழிக்கிறதோ என்ற ஐயம் இருந்தது. மேலே அறுத்த ஆறு எலிகளில் அந்தக் கிழிசல் இல்லை. தசை மேலே மெலிகிறது. கிழிவது பூமியில் மறுபடி எடை தாங்கும்போது. ஆறு உயிரும் சில மணி நேர வேலையும் ஒரு தவறான முடிவைத் தடுத்தன.

ஒரு விலங்கைக் கொல்வதாக இருந்தால் அதற்குரிய மனித நேரத்தை முழுதாகக் கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால் அந்த விலங்கை ஏற்ற வேண்டாம்.

எதனால் செத்தன

சாவின் எண்ணிக்கையை எழுதுபவர்கள் காரணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவதில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது.

1969 ஜூன் கடைசியில் போனி என்ற மகாக் குரங்கை 30 நாள் திட்டத்தில் அமெரிக்கா அனுப்பியது. உடல்நிலை குலைந்ததால் 8.8 நாளில் இறக்கினார்கள். மீட்ட சில மணி நேரத்தில் இறந்தது. 1998 ஏப்ரலில் நரம்பியல் ஆய்வுக்காக 16 நாள் பறந்த நியூரோலேபில், பால்குடி மாறாத எலிக்குட்டிகளில் பாதிக்கு மேல் தாயின் பராமரிப்பு இல்லாமல் மாண்டன. 2009-ல் இத்தாலியக் கூண்டில் 6 சுண்டெலிகள் 91 நாள் இருந்தன, மூன்று பிழைத்தன.

பெரிய இழப்பு ஒன்று 2013-ல். ரஷ்யாவின் பியோன்-எம்1 ஏப்ரல் 19 அன்று 45 சுண்டெலிகள், 8 மங்கோலிய ஜெர்பில்கள், 15 பல்லிகளோடு புறப்பட்டது. முப்பது நாள் கழித்து 16 சுண்டெலிகளே உயிரோடு திரும்பின. 45-ல் 29 போயிற்று: 64 சதவீதம். ஜெர்பில் எட்டும் செத்தன. பல்லிகள் பிழைத்தன. பெரும்பகுதி சாவுக்குத் தீனியூட்டியும் கூண்டுச் சாதனங்களும் பழுதானதுதான் காரணம். அடுத்த ஆண்டு ஃபோட்டான்-எம்4 கலத்தில் போன 5 பல்லிகளும் இறந்தன. 1949-ல் பாராசூட் செய்த வேலையை 2013-ல் தீனியூட்டி செய்திருக்கிறது.

இதோடு ஒப்பிட ஜப்பானின் கணக்கு கையில் இருக்கிறது. 2016-ல் நிலையத்தில் உள்ள அதன் கிபோ ஆய்வகத்தில் 12 சுண்டெலிகளைத் தனித்தனிக் கூண்டில் 35 நாள் வளர்த்தார்கள். ஆறு எடையின்மையில், ஆறு சுழலியில், பூமிக்குச் சமமான செயற்கை ஈர்ப்பில். பன்னிரண்டும் உயிரோடு திரும்பின. சுழலியில் இருந்தவற்றின் எலும்பும் தசையும் காப்பாற்றப்பட்டன. மற்ற ஆறில் குறைந்தன. ஏவுதல், இரைச்சல், கதிர்வீச்சு, கூண்டு எல்லாம் இரு குழுவுக்கும் ஒன்றே, ஈர்ப்பு மட்டும் வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒப்பீடு. சோவியத் ஒன்றியம் 1977-லேயே காஸ்மோஸ்-936 கலத்தில் எலிகளைச் சுழற்றி இந்த வழியைத் தொடங்கியிருந்தது.

ரஷ்யாவின் குரங்கு வரி 1997-ல் முடிந்தது. 1983 முதல் பியோன் கலங்களில் மொத்தம் 12 மகாக் குரங்குகள் பறந்தன. கடைசிப் பயணத்தில் போன முல்திக், இறங்கிய மறுநாள் திசு எடுப்பதற்கான மயக்கமருந்தின்போது இறந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாசா அடுத்த பியோனிலிருந்து விலகிக்கொண்டது.

வரவுப் பக்கம்

நிலையத்தில் வசிப்பவரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஓர் ஆண்டில் நேரும் இழப்பு அது. தடுக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். மேற்சொன்ன கட்டணத்தில் அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு 2,60,000 டாலர். 180 நாளுக்கு 4 கோடியே 68 லட்சம் டாலர். ரூபாயில் ஏறத்தாழ 398 கோடி, ஒரே ஆளுக்கு. மருந்து இந்த நேரத்தில் பாதியைக் குறைத்தால்கூட அது பல எலிப் பயணங்களின் செலவை ஈடுகட்டும். சுண்டெலி விண்வெளிக்குப் போவதன் பொருளாதாரம் இதுதான்.

எலியின் உடல் விரைவாக விடை தருகிறது. 1985-ல் ஏழு நாள் பறந்த எலிகளின் கெண்டைக்கால் தசை ஒன்று 36 சதவீதம் எடை இழந்தது. 2010-ல் 15 நாள் பறந்த சுண்டெலிகளின் இடுப்பெலும்பில் கன அளவு சுமார் 6 சதவீதம் குறைந்தது.

மருந்துப் பக்கமும் வெறுமை இல்லை. 2001 டிசம்பரில் 24 சுண்டெலிகள் எலும்புச் சிதைவைத் தடுக்கும் புரதத்தோடு 12 நாள் பறந்தன. 2011-ல் கடைசி ஓடப் பயணத்தில் 30 சுண்டெலிகள், எலும்பு வளர்ச்சியை அடக்கும் ஸ்க்லெரோஸ்டினைத் தடுக்கும் மருந்தோடு போயின. அதே வழியில் செயல்படும் ரோமோசோசுமாப் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்துக்கான உழைப்பின் பெரும்பங்கு தரையில்தான் நடந்தது. எலிகள் தந்தது ஒரு துணைச் சான்று. 2019 டிசம்பரில் போன 40 சுண்டெலிகளில் எட்டு, தசை வளர்ச்சியை அடக்கும் மயோஸ்டாட்டின் இல்லாமல் பிறந்த தசைப்பற்றுள்ளவை. 33 நாளில் சாதாரண எலிகள் தசையில் 18 சதவீதம்வரை இழந்தன. இந்த எட்டும் பெரும்பாலும் இழக்கவில்லை.

தரையில் கிடைப்பது

எலியின் வாலைத் தூக்கிக் கட்டி, உடலை 30 பாகை சாய்த்து, பின்னங்கால்கள் தரையைத் தொடாமல் வைக்கும் முறையை நாசா ஏம்ஸ் மையத்தில் 1970-களில் எமிலி மோரே-ஹோல்டன் உருவாக்கினார். தசை, எலும்பு பற்றிய கேள்விகளில் பெரும்பகுதிக்கு அதுவே விடை தரும். மனிதரிலும் செய்யலாம். 2019-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில், தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த படுக்கையில் 60 நாள் கிடந்த ஒவ்வொருவருக்கும் 16,500 யூரோ கொடுத்தார்கள். முன்பின் நாள்களைச் சேர்த்து 89 நாள். அவர்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்து வந்தவர்கள். சம்மதிக்கும் வாய்ப்பு எலிக்கு இல்லை என்பதால், சம்மதித்த மனிதரிடம் கிடைக்கும் விடையை எலியிடம் கேட்கக் கூடாது.

இந்தியா இதுவரை நல்ல வழியில் நிற்கிறது. ஆளில்லா ககன்யான் பயணத்துக்கு வியோமமித்ரா என்ற பெண் உருவ ரோபோவைத்தான் இஸ்ரோ 2020 ஜனவரியில் காட்டியது. ககன்யானுக்காகத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் தயாரித்த சோதனை, பழ ஈக்களைக் கொண்டது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025-ல் நிலையத்துக்குப் போனபோது இந்திய ஆய்வுகளில் ஒன்று டார்டிகிரேடு என்ற நுண்ணிய விலங்கைப் பற்றியது. ஆனால் 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று இலக்கு வைத்தாகிவிட்டது. அதில் சுண்டெலிக் கூண்டு இருக்க வேண்டும் என்ற பேச்சு வராமல் போகாது. விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் குழுமுறை 1960-ம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நம்மிடம் உண்டு. அந்த அனுமதிக்கு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறேன். கூண்டும் தீனியூட்டியும் பயண நாள் முழுதும் தரையில் பழுதில்லாமல் ஓடிக்காட்டிய பிறகே விலங்கை ஏற்ற வேண்டும். எத்தனை போயின, எத்தனை திரும்பின, ஒவ்வொன்றும் எதனால் இறந்தது, எத்தனை ஆய்வகங்களுக்குத் திசு போனது என்ற விவரத்தைத் தரையிறங்கிய ஆறு மாதத்துக்குள் யாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். முதல் எலி ஏறுவதற்கு முன்பே இஸ்ரோ இதை அறிவித்துவிட வேண்டும்.